சேதம்: பருத்திச் செடிகள்

பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு வார்ப்பில் விரிசல் விழுந்தால், ஏன் விழுந்தது, எந்தச் சூட்டில் விழுந்தது, யார் கையில் இருந்தபோது விழுந்தது என்று கேட்டு எழுதாமல் அந்தத் துண்டை நகர விடமாட்டேன். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்த தாள்களைக் கிழித்து அவரவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்துக்கு வேலை இல்லாமல் வீட்டில் எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் திருச்சபையில் கல்லறைத் தோட்டக் கமிட்டியை என் தலையில் கட்டினார்கள்.

"ஒத்துக்கங்க. அங்க யாரும் உங்கள எதுத்துப் பேச மாட்டாங்க. தோதான எடம்" என்றாள் என் மனைவி.

சுற்றுச்சுவர் பூச்சு, செடி வெட்டும் ஆள், குடும்பக் கல்லறைத் தகராறுகள் என்று ஒரு வருடம் போயிற்று. அதன் பிறகு ஸ்காட்லாந்திலிருந்து சபை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆயர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். எழுதியவர் எண்பது வயதை ஒட்டிய ஓர் அம்மையார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் போர் விமானி. போரின் கடைசிக் காலத்தில் கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருந்த விமானத் தளத்துக்கு மாற்றலாகி வந்து, பழுது பார்த்த விமானங்களை ஓட்டிப் பார்த்துச் சரிசொல்லும் வேலையில் இருந்திருக்கிறார். அப்படி ஓட்டிப் பார்த்த ஒரு காலையில் விழுந்து இறந்துபோனார். அப்போது இந்த அம்மையார் தாய் வயிற்றில் இருந்தார். உங்கள் அடக்கப் பதிவேட்டில் அவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

இருந்தது. செல்லரித்த பக்கத்தில் பெயர், இருபத்து நான்கு வயது, விமான விபத்து, அவ்வளவுதான். போர் முடிந்த பிறகு எலும்புகளைச் சென்னைக்கு மாற்றிவிட்டதாக ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு. ஆகவே எங்களிடம் கல்லறையும் இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரே வாரத்தில் அவருடைய கோப்பு முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. இருபது வருடமாக ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து சேர்த்தது. அதன் நடுவில் அவரே போட்ட ஒரு பட்டியல். இடம், விமானத்தின் எண், இழப்பு, காரணம் என்று நான்கு பத்திகள். எனக்கு அந்த அம்மையாரை அப்போதே பிடித்துவிட்டது. நான் எப்படிப் போடுவேனோ அப்படியே போட்டிருந்தார்.

பயிற்சிக் காலத்தில் தரையிறங்கும்போது சக்கரம் மடிந்தது: விமானியின் பிழை. கடலுக்கு மேல் எஞ்சின் தீப்பிடித்து, பாராசூட்டில் குதித்து, அரை நாள் ரப்பர் மிதவையில் கிடந்தது: இயந்திரக் கோளாறு. மூன்று பேர் போய் இவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்தது. அந்த இடத்தில் இழப்பு என்ற பத்தியில் இரண்டு விமானங்களின் எண்களும் இரண்டு விமானிகளின் பெயர்களும் இருந்தன. காரணம், எதிரியின் சூடு. பிறகு ஒருமுறை மழை ஊறிய ஓடுபாதையில் குப்புறக் கவிழ்ந்தது. கடைசி வரி அன்னூர். விமானம் முழுவதும் நாசம், விமானி மரணம், நிலத்தில் சேதம்: பருத்திச் செடிகள். காரணம் என்ற இடத்தில் ராணுவ அறிக்கையிலிருந்து எடுத்தது இது: 'தெரியவில்லை. அனுமதியின்றித் தாழப் பறந்திருக்கலாம்.'

அந்த ஒரு வரி அம்மையாரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அப்பாவோடு இருந்த விமானி ஒருவர், விளையாட்டாகப் பறந்து உயிரை விட்டான் என்று அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அம்மா கோபம் வரும்போதெல்லாம் மகளிடம், "உன்னைப் பார்க்க வருவதைவிட மரத்து உச்சியைத் தொட்டுப் பார்ப்பது உன் அப்பாவுக்கு முக்கியமாக இருந்தது" என்பாராம். தான் சாவதற்குள் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. கிண்டல் செய்வாள்.

மறுநாளே அன்னூருக்குப் பஸ் ஏறினேன். அறிக்கையில் ஊருக்கு மேற்கே இரண்டு மைல் என்று மட்டும்தான் இருந்தது. நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும் என்று குடை, தண்ணீர் பாட்டில், நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே விசாரித்தேன்.

"ஏரோப்ளேன் உழுந்த காடுங்களா? நேராப் போயி ரைஸ் மில்லுகிட்டத் திரும்புங்க சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். அவருக்கு என்னைவிடப் பாதி வயது.

காடு என்று எங்கள் பக்கம் சொல்லும் அந்த விளைநிலத்துக்குச் சொந்தக்காரர் எண்பது வயதுப் பெரியவர். நெடிய ஆள். நிமிர்ந்த நடை. வாசலில் என்னைக் கண்டதும், யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் மருமகளைக் கூப்பிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். குடித்து முடிக்கும் வரை எதையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். வந்தவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

"இங்கதானுங்க உழுந்துச்சு. நான் அப்ப எட்டு மாசக் கொழந்தைங்க. எல்லாம் எங்கப்பன் சொல்லிக் கேட்டதுதானுங்க" என்றார். வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் ஓர் இடத்தைக் கையால் காட்டினார். அப்போது அங்கே பருத்தி இருந்ததாம்.

நான் அம்மையாரின் கதையைச் சொன்னேன். இருபது வருடத் தேடலையும், அவருடைய அம்மாவின் சொல்லையும் விலாவாரியாகச் சொன்னேன்.

"அப்பன் மொகத்தையே பாக்கலீங்களா அந்தப் புள்ள?"

"இல்லீங்க ஐயா."

"தெய்வமே" என்றார்.

அப்புறம் நான் கேட்டதை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. "ஊடுங்க மேல உழுந்துரக் கூடாதுன்னு, கடைசி நிமிசத்துல காட்டுப் பக்கம் திருப்பியிருப்பாருங்களா ஐயா?" என்று கேட்டேன். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். என் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது, அப்படிக் கேட்கவே கூடாது என்பதுதான்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க சார். அப்படித்தானுங்க. எங்கப்பனும் அதைத்தான் சொல்லுவாருங்க. நல்ல மனுசனுங்க. எங்க ஊட்டையே காப்பாத்திப்போட்டுத்தான் போனாருங்க."

அன்று பஸ்ஸில் வரும்போதே போனில் பாதிக் கடிதம் எழுதிவிட்டேன். அம்மையாரிடமிருந்து வந்த பதிலில் நன்றி என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் சரியாக முடியவில்லை, வாக்கியங்கள் அங்கங்கே நின்றன. இரண்டு நாள் கழித்து நிதானமாக எழுதினார். பட்டியலின் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டாராம். அம்மாவின் கல்லறைக்குப் போய் அதை வாசித்துவிட்டு வந்தாராம். அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் கல்லறை இல்லாததால், அந்தக் காட்டில் ஒரு சிறிய கல் நட அனுமதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். வாசகத்தையும் அனுப்பியிருந்தார். அப்பாவின் பெயருக்குக் கீழே, 'ஒரு குடும்பத்தைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்தவர்.'

பெரியவரைப் போனில் கேட்டேன். "அதுக்கென்னங்க, வெச்சுக்கங்க" என்றார். கிரானைட் கடையில் நானே பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்து வெட்ட வைத்தேன். கல்லை டாக்சி டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நாள் ஆடிப் பதினெட்டு. நல்ல நாள் என்று நினைத்து முன்கூட்டிச் சொல்லாமலே போய்விட்டேன். என் புத்தி அப்படி.

வீட்டில் யாரும் இல்லை. குரல் கேட்ட திசையில் போனேன். வாழைத் தோட்டத்தின் ஓரத்தில், பெரியவர் முன்பு கையால் காட்டினாரே அந்த இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் குடும்பமே நின்றிருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முன்னால் வாழை இலையில் தேங்காய், பழம், பொங்கல். அதற்கும் முன்னால் மடிப்புக் கலையாத ஒரு புதுச் சேலை. முதல் தடவை வந்தபோது இந்தக் கல் என் கண்ணில் படவில்லை. பெரியவர் எனக்கு முதுகைக் காட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மருமகள்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கலகலப்பானவர். "வாங்கண்ணா, நல்ல நேரத்துக்குத்தான் வந்துருக்கறீங்க. பொங்கல் சாப்புடலாம் வாங்க."

"இது எந்தச் சாமிங்க?"

"ஊட்டுச் சாமிங்கண்ணா. எங்க மாமாவப் பெத்தவங்க. தாலியோட, கட்டுக்கழுத்தியாப் போனவங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா சேலை வெச்சுக் கும்புடறதுங்க. கெணத்துக்கடவுல இருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. கெணத்துக்கடவு அம்மான்னுதான் சொல்றது. சின்ன வயசுலயே போயிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல முடித்தார். "அன்னிக்குத்தானுங்களே. அந்த ஏரோப்ளேன் உழுந்தன்னிக்கு. பருத்தி எடுத்துட்டு இருந்தவங்க மேலயே உழுந்துருச்சு."

டிக்கியில் கிடக்கும் கல்லை நினைத்தேன். ஒரு குடும்பத்தைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்தவர்.

பெரியவர் திரும்பினார். மருமகள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையில் பொங்கல் இலையைக் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எண்பது வயது மனிதரிடம், அவர் அம்மாவைக் கும்பிட்ட இடத்திலேயே சத்தம் போட்டேன்.

"ஏனுங்கய்யா எங்கிட்டப் பொய் சொன்னீங்க? நான் அதை நம்பி அந்தம்மாவுக்கு எழுதி, கல்லே வெட்டிக் கொண்டாந்துட்டேன். இந்த எடத்துல அதை நட விட்டுருப்பீங்களா?"

"கல்லுதானுங்களே சார். ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகுது."

"ஐயா!"

அவர் மெல்ல வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தார். "அப்பன் மொகம் பாக்காத புள்ளைங்க அது. அம்மா மொகம் பாக்காம வளந்தவன் நானு. எனக்குத் தெரியாதுங்களா அது என்னன்னு? எண்பது வயசுல ஒரு பொம்பள அப்பனத் தேடிட்டு வருது. 'உங்கப்பன் எங்கம்மாவக் கொன்னுபோட்டான்'னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் அவர் தன் அப்பா சொன்னதை முழுவதும் சொன்னார். அன்று காலை விமானம் இரண்டு தடவை தலைக்கு மேல் தாழ வந்து போயிற்று. மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்தன. மூன்றாவது தடவை வந்தபோது றெக்கை பனைமரத்தில் மோதியது. அம்மா பருத்திக் காட்டின் நடுவில் இருந்தார், குழந்தை இந்த வேப்பமரத்துத் தூளியில். மற்றப் பெண்கள் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். இவர் மட்டும் தூளியை நோக்கி ஓடிவந்தார். வெள்ளைக்காரர்கள் லாரியில் வந்து விமானியை எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவைப் பற்றி யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"மூணு தடவையும் வெளையாட்டுக்கு வந்துதுங்களா, இல்ல எஞ்சின் கோளாறாகி எறங்க எடந்தேடி வந்துதுங்களா?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மலர்வதைப் பார்த்தேன்.

"ஆமாங்க சார், எடந்தேடித்தான்…"

"எனக்காகச் சொல்லாதீங்க ஐயா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "தெரியாதுங்க. எங்கப்பனுக்கும் தெரியாது" என்றார். என் விருப்பத்துக்கு வளையாமல் அவர் எனக்குக் கொடுத்த முதல் பதில் அதுதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கல்லைத் திரும்ப எடுத்துவந்து வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கடிதம் எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. எழுதாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. கட்டம் நிரம்பிவிட்டது, மகள் அம்மாவின் கல்லறையில் வாசித்துவிட்டார், பெரியவருக்கும் ஆட்சேபம் இல்லை, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மனைவியிடம் கேட்டேன்.

அவள் கிண்டல் செய்யவில்லை. "சேலை வெச்சுக் கும்புடறாங்களே, செத்துப்போன அந்தப் பொண்ணுக்குத்தான்" என்றாள்.

அறிக்கை எழுதுவது போலத்தான் எழுதினேன், எனக்கு வேறு எப்படியும் எழுத வராது. என்ன நடந்தது என்று அந்தக் குடும்பம் சொல்வது. விமானம் ஏன் தாழ வந்தது என்று யாருக்கும் தெரியாது என்பது. முதலில் உங்களுக்கு எழுதியது பொய், அந்தப் பொய்யைப் பெரியவர் வாயில் வைத்தவன் நான், அவர் உங்கள் மனம் நோகக்கூடாது என்று அதைத் தட்டாமல் வாங்கிக்கொண்டார் என்பது. அனுப்பிவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை.

மூன்று வாரம் பதில் இல்லை. அந்த அம்மையார் படுத்துவிட்டார், நான்தான் படுக்க வைத்தேன் என்று முடிவு கட்டியிருந்தேன். அப்புறம் வந்தது, ஒரு பக்கம்கூட இல்லை. காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று தன் கையால் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தார். அப்பா விளையாடினாரா இல்லையா என்று இனிக் கேட்கப் போவதில்லையாம். கடைசியில் இப்படி இருந்தது: 'என் பட்டியலில் இழப்பு என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் விமானங்களின் எண்கள்கூட இருக்கின்றன. அந்தத் தாயின் பெயரை அதில் எழுத வேண்டும். பெயரைக் கேட்டுச் சொல்வீர்களா? மகன் மனம் ஒப்பினால் மட்டும்.'

நேரில் போய்ப் பெரியவருக்குத் தமிழில் சொன்னேன். கடைசி வரியை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பேருங்களா…" என்றார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "தெரியலீங்க சார்."

அம்மா போன மறு வருடமே அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். வந்தவர் நல்லவர், இவரைப் பெற்ற பிள்ளையாகவே வளர்த்தார். அவர் இருந்த வீட்டில் முன்னவரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஊரில் கிணத்துக்கடவுக்காரி என்றால் போதும். பள்ளிக்கூடத்திலும் பத்திரத்திலும் அப்பா பெயரைத்தான் கேட்டார்கள். கிணத்துக்கடவில் மாமன் குடும்பம் எப்போதோ தோட்டத்தை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டது. எண்பது வருடமாகச் சேலை வைத்துக் கும்பிட்ட வீட்டில் அந்தப் பெயர் இல்லை.

"சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டியிருப்பாங்களே மாமா" என்றார் மருமகள், கதவோரத்திலிருந்து.

பரணிலிருந்து அண்டாவை இறக்க நாங்கள் மூன்று பேரும் வேண்டியிருந்தது. பித்தளை. விசேஷத்துக்கெல்லாம் அந்த வீட்டில் அதில்தான் சோறு வடிப்பார்களாம். வெளிப்புறம் முழுக்கக் கரி. மருமகள் புளி போட்டு விளிம்பைத் தேய்க்கத் தேய்க்க, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் ஊர்ப் பெயர். அதையடுத்து நான்கு எழுத்தில் ஒரு பெண் பெயர்.

அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அந்த வீட்டுக்காரர்களுடையது.

பெரியவர் குனிந்து விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி தடவினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "இத்தன வருசமா இதுல சோறாக்கித் தின்னிருக்கேன். ஒரு நாளு திருப்பிப் பாக்கலீங்க" என்றார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், பெத்தவ பேர நான் சொல்லக்கூடாதுங்க. மருமவளும் சொல்லக்கூடாது. நீங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.